மார்கழியில் டியூன் செய்த மெஷின் வைகாசியில் நிற்கிறது

பிசி அசெம்பிள் செய்து, ஓவர்கிளாக்கும் பண்ணிக் கொடுக்கும் என் தொழில் நண்பர்களுக்கு,

மதுரையில் இருபத்திரண்டு வருடமாக இதே வேலையைச் செய்து பிழைக்கிறவன் எழுதுகிறேன். போன மார்கழியில் நீங்கள் டியூன் செய்து அனுப்பிய மெஷின்கள் இந்த வைகாசியில் என் மேசைக்கு வந்து நிற்கின்றன. ரெண்டர் பாதியில் நின்றுவிடுகிறது, புளூ ஸ்கிரீன் வருகிறது, தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்று சொல்லித்தான் கொண்டுவருகிறார்கள். நான் டியூன் செய்து கொடுத்தவையும் இந்த வரிசையில் இருந்திருக்கின்றன. அதனால் இந்தக் கடிதத்தில் உங்கள்மேல் கோபப்படுகிற இடமெல்லாம் என்மேலும் கோபப்படுகிற இடம்தான்.

கேம் ஆட வாங்குகிற பையன்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. மெஷின் நின்றால் ஒரு ஆட்டம் போகும். அவர்களே பயாஸுக்குள் போய் நோண்டிச் சரிசெய்துகொள்வார்கள். என் கவலையெல்லாம் கல்யாண வீடியோ எடிட்டர்களைப் பற்றியது. அவர்களுடைய வருடத்தை ஒருமுறை யோசித்துப் பாருங்கள். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. கையில் நேரம் இருக்கும். ஐப்பசி, கார்த்திகைக் கல்யாணங்களின் பாக்கிப் பணமும் வந்திருக்கும். புது மெஷின் வாங்குவதும், இருப்பதை வேகப்படுத்தித் தரச் சொல்வதும் அப்போதுதான். நாமும் அந்தக் குளிர்ந்த மாதத்தில்தான் பயாஸைத் திறந்து மல்டிபிளையரை ஏற்றுகிறோம். அப்புறம் சித்திரை, வைகாசி வருகிறது. ஒரே வாரத்தில் நாலு முகூர்த்தம், ராத்திரி பகலாக ரெண்டர், வெளியே கத்திரி வெயில். அந்த மெஷின் அதிகம் உழைக்கிற நாட்களும் அந்த அறை அதிகம் கொதிக்கிற நாட்களும் சேர்ந்தேதான் வருகின்றன. நாம் சோதித்துப் பார்த்தது மார்கழியில், ஒரு காலை நேரத்தில்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு எடிட்டர் அண்ணன். ஆறு கோர் பிராசஸர் போட்ட மெஷின், நல்ல டவர் கூலர். ஆறு கோரும் சேர்ந்து 4.3 கிகாஹெர்ட்ஸில் ஓடவேண்டியதை 4.9-க்கு ஏற்றிக் கொடுத்தேன். கோர் வோல்டேஜ் 1.20-லிருந்து 1.35 ஆனது. என் கடையில் அன்றைக்கு 25 டிகிரி. அரை மணி நேரம் சோதனை ஓட்டினேன், 83 டிகிரியில் நின்றது. 100 டிகிரியில்தான் அந்தச் சிப் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும், இன்னும் 17 டிகிரி கையில் இருக்கிறதே என்று திருப்தியாக பேக் செய்து அனுப்பினேன்.

வைகாசியில் ஒரு ராத்திரி பதினோரு மணிக்குப் போன் வந்தது. "தம்பி, மூணாவது தடவையா நின்னுருச்சு. மாப்பிள்ளை நாளைக்கு சாயங்காலம் துபாய்க்குக் கிளம்புறாரு. பென்டிரைவைக் கையில குடுக்கணும்." வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். மாடியில் பத்துக்குப் பத்து அறை. பகலெல்லாம் வெயில் வாங்கின தளம் ராத்திரியிலும் அனலை இறக்கிக்கொண்டிருந்தது. கலர் கரெக்‌ஷனுக்கு வெளிச்சம் வரக்கூடாது என்று ஜன்னலில் தெர்மாகோல் அடைத்திருந்தார். ஏசி உண்டு. ஆனால் கரண்ட் போய்விட்டது. இன்வெர்ட்டர் பிசியையும் ஒரு ஃபேனையும்தான் தாங்கும். அதாவது அறையைக் குளிர்விக்கிற சாதனம் நின்றுவிட்டது, அறையைச் சூடாக்குகிற சாதனம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்திலேயே வெப்பநிலையும் காட்டும். 39 என்றிருந்தது. கேபினெட்டின் கண்ணாடியில் கை வைத்தேன், உடனே எடுத்துவிட்டேன். திரையில் கோர் டெம்பரேச்சர் 99, 100, 99 என்று ஆடிக்கொண்டிருந்தது.

அங்கேயே தரையில் உட்கார்ந்து முன்பக்க ஃபில்டரைத் துடைத்தேன். பயாஸில் 4.4 கிகாஹெர்ட்ஸ், 1.20 வோல்ட் வைத்தேன். அதே அறை, அதே 39 டிகிரி. ரெண்டர் 80, 81-இல் ஓடி, விடியும் முன்னே முடிந்தது. அண்ணன் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "முதல்லயே இப்படி வெச்சுக் குடுத்திருக்கலாமேப்பா?" திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். இன்றுவரை அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த ராத்திரி நடந்ததில் மர்மம் எதுவும் இல்லை. பிராசஸர் தின்னும் மின்சாரம் வேகத்தின் அளவுக்கு நேராக ஏறும். வோல்டேஜுக்கோ அதன் வர்க்கத்தின் அளவுக்கு ஏறும். என் கணக்கையே போட்டுப் பாருங்கள். 4.3-லிருந்து 4.9 என்பது 14 சதவீத வேகம். 1.20-லிருந்து 1.35 என்பது வோல்டேஜில் 12.5 சதவீதம்தான். ஆனால் அதை வர்க்கமாக்கினால் 26 சதவீதத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. இரண்டையும் பெருக்கினால் 44 சதவீதம் அதிகச் சூடு. சிப் சூடாக ஆக உள்ளே கசிகிற மின்சாரமும் கூடும், அது இதற்கு மேல் தனி. மூன்று மணி நேர ரெண்டரில் 14 சதவீத வேகம் எவ்வளவு மிச்சம் பிடிக்கும்? இருபத்திரண்டு நிமிடம். ஒருமுறை நின்றுபோனால் மூன்று மணி நேரமும் போச்சு. அந்த இருபத்திரண்டு நிமிடத்துக்காகத்தான் அந்த மனிதரின் ராத்திரியை நான் பணயம் வைத்தேன்.

இரண்டாவது கணக்கு இன்னும் எளிது, ஆனால் நம்மில் பெரும்பாலானோர் போடாத கணக்கு. கூலர் எதுவானாலும் அது அறையைவிட இத்தனை டிகிரி அதிகம் என்ற அளவில்தான் சிப்பை நிறுத்திவைக்கும். என் கடையில் 83-இல் 25 போனால் 58. இந்த 58-தான் அந்த மெஷினின் உண்மையான எண். 83 என்பது அந்த நாளின், அந்த அறையின் எண். 58-ஐ உசிலம்பட்டி மாடி அறையின் 39-உடன் கூட்டுங்கள், 97. ஃபில்டரில் கொஞ்சம் தூசி சேர்ந்தால் 100. கழித்தல் ஒன்று, கூட்டல் ஒன்று. மார்கழியிலேயே, கடை வாசல் தாண்டும் முன்பே, காகிதத்தில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

நீங்கள் பார்த்துப் படிக்கிற ஓவர்கிளாக் வீடியோக்களிலும் இதேதான் நடக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை குளிர்ந்த ஊர்களில், 20, 21 டிகிரி அறையில், கேபினெட்டே இல்லாமல் மேசைமேல் விரித்துப் போட்டு எடுத்தவை. அவர்கள் பொய் சொல்லவில்லை. பொறுப்பான ஆட்கள் அறையின் வெப்பநிலையையும் சேர்த்தே சொல்கிறார்கள். நாம் 5 கிகாஹெர்ட்ஸ் என்பதையும் 1.35 என்பதையும் எழுதிக்கொள்கிறோம், 21 என்பதை விட்டுவிடுகிறோம். அந்த 21-க்கும் நம்முடைய 39-க்கும் இடையில் உள்ள 18 டிகிரியை எந்தத் தெர்மல் பேஸ்ட்டும் ஈடுகட்டாது.

"வாட்டர் கூலர் போட்டுவிட்டேன், இனிமேல் கவலையில்லை" என்று நீங்கள் வாடிக்கையாளரிடம் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். தண்ணீரும் அறைக் காற்றில்தான் சூட்டைக் கொட்டவேண்டும். அறையைவிடக் குளிராக அது எதையும் ஆக்காது. அதில் ஒரு ஏமாற்றும் உண்டு. தண்ணீர் சூட்டை மெதுவாகத்தான் வாங்கும். பத்து நிமிடச் சோதனையில் நம்பர் அழகாகத் தெரியும். முக்கால் மணி நேரம் கழித்து, தண்ணீரும் சூடான பிறகுதான் நிஜம் தெரியும். பத்து நிமிட ஸ்கிரீன்ஷாட்டை நம்பி மூன்று மணி நேர ரெண்டருக்கு மெஷினைக் கொடுக்காதீர்கள்.

சாக்கெட்டைச் சுற்றியிருக்கும், பிராசஸருக்கு மின்சாரம் ஊட்டும் விஆர்எம்மை யாராவது பார்க்கிறீர்களா? டவர் கூலரின் ஃபேன் காற்று கொஞ்சமாவது அதன்மேல் படும். வாட்டர் கூலர் போட்டால் சாக்கெட் பக்கம் காற்றே இருக்காது. சிப் 80-இல் சுகமாக இருக்கும், பக்கத்தில் விஆர்எம் கொதிக்கும். ஒரு கட்டத்தில் போர்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள பிராசஸரின் வேகத்தைப் பிடித்து இழுக்கும். டெம்பரேச்சர் நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் மெதுவாக ஓடுகிறது என்று ஒருவர் என்னிடம் இரண்டு தடவை மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்பக்கம் ஒரு ஃபேன் போட்டு, பவர் லிமிட்டையும் குறைத்த பிறகுதான் தீர்ந்தது. விலை குறைந்த போர்டில், விஆர்எம்மின் மேல் ஒரு ஹீட்சிங்க்கூட இல்லாமல், பெரிய சிப்பை ஓவர்கிளாக் செய்துகொடுக்கிற வழக்கத்தை முதலில் விட்டுவிடுங்கள்.

"சூடானால் என்ன, சிப் தானே மெதுவாக்கிக்கொள்ளுமே, எரிந்தா போகும்?" என்று கேட்பீர்கள். உண்மைதான். 2001-இல் டாம்ஸ் ஹார்ட்வேர் வெளியிட்ட வீடியோவை நம்மில் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டோம். ஓடிக்கொண்டிருக்கும் சிப்பின்மேலிருந்து ஹீட்சிங்கைக் கழற்றினார்கள். பென்டியம் 4 மெதுவாகி, தொடர்ந்து ஓடியது. அத்லான் புகைந்து செத்தது. இன்றைக்கு எல்லாச் சிப்பிலும் அந்தக் காவல் இருக்கிறது. ஆனால் அந்தக் காவலே நம் தவறை மூடி மறைக்கிறது என்பதுதான் என் வருத்தம். சிப் எரியாது, சத்தமில்லாமல் வேகத்தை இறக்கிக்கொள்ளும். 4.9-க்குக் காசு கொடுத்தவர் வைகாசி முழுக்க 4.1-இல் ஓட்டிக்கொண்டிருப்பார், அவருக்குத் தெரியவே தெரியாது. அண்ணனின் மெஷின் நின்றுபோனதற்கும் 100 டிகிரி நேரடிக் காரணம் இல்லை. குளிரில் அந்த வேகத்துக்குப் போதுமாக இருந்த வோல்டேஜ் சூட்டில் போதவில்லை. எங்கோ ஒரு கணக்குத் தப்பி, புளூ ஸ்கிரீன் வந்தது. மார்கழியில் விளிம்பில் நிறுத்திய மெஷின் வைகாசியில் விளிம்பைத் தாண்டத்தான் செய்யும்.

நாம் இந்த வேலையைக் கற்றுக்கொண்ட காலம் வேறு. 1998-இல் வந்த செலரான் 300ஏ-வை நினைத்துப் பாருங்கள். பஸ் வேகத்தை 66-லிருந்து 100-க்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-இல் ஓடும். ஐம்பது சதவீதம் இலவசம். அன்றைக்குக் கம்பெனிக்காரன் மிச்சம் வைத்த வேகத்தை நாம் எடுத்துக்கொண்டோம், அதில் ஒரு நியாயம் இருந்தது. இன்று மிச்சம் எதுவும் இல்லை. 2024 மார்ச்சில் வந்த கோர் ஐ9-14900கேஎஸ் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே 6.2 கிகாஹெர்ட்ஸ் வரை போகிறது. கடைசிச் சொட்டையும் அவர்களே பிழிந்துதான் அனுப்புகிறார்கள். அதற்கு மேல் நாம் ஏற்றுகிற 100, 200 மெகாஹெர்ட்ஸுக்கு விலையை எடிட்டர் கட்டுகிறார், கரண்ட் பில்லாகவும் சூடாகவும்.

வோல்டேஜ் விஷயத்தில் சிப் தயாரித்தவர்களே சூடுபட்ட கதையும் நமக்கு முன்னால் இருக்கிறது. 2023 ஏப்ரலில் ஏஎம்டியின் எக்ஸ்3டி சிப்கள் சில சாக்கெட்டோடு கருகின. ரேம் வேகத்தை ஏற்றும் எக்ஸ்போவை ஆன் செய்தபோது சில போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜை அளவுக்கு மேல் ஏற்றியிருந்தன. பிறகு வந்த பயாஸில் அதற்கு 1.3 வோல்ட் என்று வரம்பு கட்டினார்கள். மறுவருடம் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறைச் சிப்கள். அதிக வோல்டேஜ் சிப்பை உள்ளுக்குள் தேய்த்துவிடுகிறது என்று இன்டெலே ஒப்புக்கொண்டு, 2024 ஆகஸ்டில் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்காதபடி மைக்ரோகோட் திருத்தம் கொடுத்தது. வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. திருத்தம் இனிமேல் தேயாமல் தடுக்கும். தேய்ந்துபோனதைச் சரிசெய்யாது. அந்தத் தலைமுறைச் சிப்கள் இன்னும் ஏராளமான எடிட்டர்களின் மேசைக்கடியில் ஓடிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் விற்ற மெஷின்களில் எத்தனைக்கு அந்தப் புது பயாஸை ஏற்றினீர்கள்? கூப்பிட்டுச் சொன்னீர்களா?

ஒரு நியாயமான மறுப்பு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 2022-இல் வந்த ரைசன் 7000 வரிசையின் பெரிய சிப்கள் முழு வேலை கொடுத்தால் 95 டிகிரிக்குப் போய் நிற்கும்படியே வடிவமைக்கப்பட்டவை. அதைப் பார்த்து, கூலர் சரியில்லை என்று வாடிக்கையாளரை இன்னொரு கூலர் வாங்கவைப்பதும் தவறுதான். எண்ணை மட்டும் பார்த்து பயப்பட வேண்டாம் என்பது சரி. ஆனால் அந்தச் சிப்பை 95-இலேயே விடவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சூடு வெளியேறவேண்டிய சிலிக்கான் துண்டு ஒவ்வொன்றும் எழுபது சதுர மில்லிமீட்டர் அளவுதான், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அவ்வளவு சின்ன இடத்திலிருந்து அவ்வளவு சூட்டை இழுக்க எந்தக் கூலரும் திணறும். ஈகோ மோடில் 230 வாட் வரம்பை 142 வாட்டாக்கிப் பாருங்கள். மின்சாரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். ரெண்டர் நேரம் அந்த அளவுக்கெல்லாம் கூடாது. கர்வ் ஆப்டிமைசரில் வோல்டேஜைப் படிப்படியாகக் குறைத்தால், சூடு குறைந்த அந்த இடத்தில் சிப் தானாகவே கொஞ்சம் வேகம் ஏற்றிக்கொள்ளும். இன்டெலிலும் 253 வாட் வரம்பைக் குறைத்துவிட்டு ரெண்டர் நேரத்தை அளந்து பாருங்கள். உங்கள் திறமையைக் காட்ட ஆசையா? வோல்டேஜை எவ்வளவு குறைத்து அதே வேகத்தில் நிற்கவைத்தீர்கள் என்று காட்டுங்கள். ஏற்றுவதைவிட அது கடினமான வேலை, பொறுமை வேண்டிய வேலை.

இன்னொன்று, வோல்டேஜை ஆட்டோவில் விட்டுவிட்டு மல்டிபிளையரை மட்டும் ஏற்றாதீர்கள். போர்டு தன் பேர் கெடக்கூடாது என்று தேவைக்கு மேலேயே ஊற்றும். லோடில் வோல்டேஜ் இறங்காமல் பிடிக்கும் லோட்லைன் செட்டிங்கையும் உச்சத்தில் வைக்காதீர்கள்.

தூசியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. திருப்பூரிலிருந்து வந்த ஒரு மெஷினின் ஹீட்சிங்கிலிருந்து பஞ்சைப் போர்வைபோல உரித்தெடுத்திருக்கிறேன். புளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். மேசைக்குக் கீழே மரப்பெட்டிக்குள் கேபினெட்டை அடைத்து வைக்கிறவர்களிடம் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுங்கள். கேபினெட் விட்ட சூட்டுக்காற்றையே கேபினெட் திரும்ப மூச்சிழுக்கிறது. அந்தப் பெட்டிக்குள் அறையின் 39-உம் கிடையாது, அதற்கும் மேலே.

எனக்கு உங்கள்மேல் உள்ள பெரிய குறை இதெல்லாம் இல்லை. வாங்குகிறவருக்கு நாம் சொல்வதில்லை, அதுதான். என்னிடம் வந்த எடிட்டர்களில் பலருக்குத் தங்கள் மெஷின் ஓவர்கிளாக் செய்யப்பட்டது என்பதே தெரியவில்லை. "ஸ்பெஷலா ஸ்பீடு பண்ணிக் குடுத்தாங்க" என்பதோடு சரி. ஓவர்கிளாக்கால் வரும் சேதம் பொதுவாக வாரண்டிக்குள் வராது என்று யாரும் சொல்லவில்லை. மே மாதத்தில் ஏசி நின்றால் மெஷினும் நிற்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. நகையை அடகு வைத்து எழுபதாயிரம், ஒரு லட்சம் என்று கொண்டுவந்து நம் மேசையில் வைக்கிறவர் அவர். மெஷின் நின்றால் கல்யாண வீட்டுக்காரர் அவரைத்தான் கேட்பார், நம்மை இல்லை. அவருக்குத் தெரியாமல் அவர் தலையில் ஒரு அபாயத்தை ஏற்றி வைக்க நமக்கு என்ன உரிமை?

அதனால் நான் கேட்பது இது. மெஷினை வெளியே அனுப்பும் முன், அவர் நிஜமாகவே செய்யும் வேலையை, அவருடைய பழைய கல்யாண ப்ராஜெக்ட் ஒன்றையே வாங்கி, இரண்டு மணி நேரம் முழுதாக ரெண்டர் விடுங்கள். பக்கவாட்டுக் கண்ணாடியை மாட்டிவிட்டு, கேபினெட்டை மூடி ஓட்டுங்கள். கேபினெட் காற்று இழுக்கும் இடத்தில் ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சிப் காட்டும் எண்ணிலிருந்து அதைக் கழியுங்கள். வருகிற விடையோடு 40-ஐக் கூட்டுங்கள். மொத்தம் 88-க்கு மேல் போனால் வோல்டேஜையும் வேகத்தையும் இறக்குங்கள், திரும்ப ஓட்டுங்கள். 88 என்பது நானாகக் கட்டிக்கொண்ட கோடு. 100-இல் மெதுவாகும் சிப்புக்குத் தூசிக்கும் பழசாகும் பேஸ்ட்டுக்கும் 12 டிகிரி விடுகிறேன். 90-க்குள் வரம்புள்ள சிப்பாக இருந்தால் உங்கள் கோடு 80-க்குக் கீழே வரட்டும். 95-க்குத் தானே போகிற சிப்பில் இந்தக் கழித்தல் செல்லாது, அதில் முதலில் வாட் வரம்பைக் குறைத்துவிட்டு அளந்து பாருங்கள்.

அப்புறம், ஒரு தாள். அரைப் பக்கம் போதும். ஓடும் வேகம், கோர் வோல்டேஜ், பவர் லிமிட், சோதித்த தேதி, சோதித்தபோது அறையில் எத்தனை டிகிரி, சிப் எத்தனைக்குப் போனது. கம்பெனி வேகத்தைவிட ஏற்றியிருந்தால் அதைத் தமிழில், அவருக்குப் புரியும்படி எழுதுங்கள். பயாஸில் கம்பெனி செட்டிங்குக்குத் திரும்பும் வழியை இரண்டு வரியில் எழுதுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு நம்மைக் கூப்பிடாமல் அவரே செய்துகொள்ளும் அளவுக்கு எளிதாக. இப்போதைய போர்டுகளில் இரண்டு ப்ரொஃபைல் சேமித்துவைக்கலாம், குளிர்காலத்துக்கு ஒன்று, சித்திரை வைகாசிக்கு ஒன்று. எந்தக் கீயை அழுத்தினால் எது வரும் என்பதையும் தாளிலேயே போடுங்கள். தாளை மடித்து, மூலையில் உங்கள் கையெழுத்தைப் போட்டு, கேபினெட்டின் பக்கத் தகட்டின் உள்பக்கம் டேப் போட்டு ஒட்டுங்கள். நாளைக்கு அந்த மெஷின் என் மேசைக்கு வந்தால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது எனக்கு ஐந்து நிமிடத்தில் தெரியும். நான் செய்தது உங்கள் மேசைக்கு வந்தால் உங்களுக்கும் தெரியும்.

பக்கத்துக் கடையில் 5 கிகாஹெர்ட்ஸ் என்று சொல்லி விற்கும்போது நாம் 4.5 என்று எழுதி ஒட்டினால் வியாபாரம் ஆகுமா என்று கேட்பீர்கள். என் கடையில் நான் சொல்வதைச் சொல்கிறேன். "அண்ணே, இது வைகாசி மத்தியானம் ஏசி இல்லாம ஓடும். இதுக்கு மேல ஏத்தினா மார்கழியிலதான் ஓடும். எது வேணும்?" இதுவரை ஒரு எடிட்டர்கூட மார்கழி என்று சொன்னதில்லை. வேகம் வேண்டும் என்று கேட்டு வருகிறவர் உண்மையில் கேட்பது, சொன்ன தேதியில் பென்டிரைவைக் கொடுக்கவேண்டும் என்பதைத்தான். அதை நாம்தான் கிகாஹெர்ட்ஸாக மாற்றிப் புரிந்துகொள்கிறோம்.

ஆடி மாதம் வருகிறது. முகூர்த்தம் இல்லை, எடிட்டர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்கும். நீங்கள் டியூன் செய்து கொடுத்த மெஷின்களின் பட்டியலை எடுங்கள். நம்பர் உங்கள் போனிலேயே இருக்கும். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, ஒரு மணி நேரம் மெஷினைக் கொண்டுவரச் சொல்லுங்கள். காசு வாங்காதீர்கள். பயாஸைப் புதுப்பித்து, வோல்டேஜை இறக்கி, ஃபில்டரைத் துடைத்து, தாளை எழுதி ஒட்டி அனுப்புங்கள். என் பட்டியலில் முப்பத்தொன்பது பேர். உசிலம்பட்டி அண்ணனிடமிருந்து ஆரம்பித்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து உங்களில் ஒருவன்